அன்சப்ஸ்கிரைப் அழுத்தியும் மெயில் ஏன் நிற்பதில்லை?

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வீட்டுமனை நிறுவனத்தின் விளம்பர மெயில் அவருக்கு வாரம் இரண்டு முறை வரத் தொடங்கியது. எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவர் அவர். ஒவ்வொரு முறையும் மெயிலின் அடிவரை இறங்கி, பொடி எழுத்தில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப்பை, அதாவது ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லி விலகும் லிங்க்கை, அழுத்துவார். திறக்கும் பக்கத்தில் தன் ஜிமெயில் முகவரியைத் தட்டுவார். ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று வரும். நான்கு நாள் கழித்து அடுத்த மெயில் வந்து நிற்கும். ஐந்து மாதம் இப்படியே போனது. “நான்தான் ஏதோ தப்பா அழுத்துறேன் போல” என்று அவர் ஒருநாள் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும்.

முதலில் மெயில் பட்டியல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்க ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைப்பார்கள் இல்லையா, அதேதான். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு எழுதிய நோட்டை அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பார்த்து எழுதுவார்கள். சித்தப்பா வீட்டில் விசேஷம் என்றால் அவர்களும் வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெயரை ஒரு நோட்டில் அடித்துவிட்டால் மற்ற பிரதிகளில் அது அப்படியேதான் இருக்கும். மெயில் பட்டியலும் இப்படித்தான். ‘விலகுகிறேன்’ என்று நீங்கள் சொல்வது ஒரே ஒரு பட்டியலில் ஒரே ஒரு முகவரியை அடிப்பதற்கான கோரிக்கை. எந்தப் பட்டியல், எந்த முகவரி, அது யார் கையில் இருக்கிறது என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் மெயில் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்பா விஷயத்தில் தவறியது முகவரி. அவர் வேலையில் இருந்த காலத்தில் இணைய இணைப்போடு சேர்த்துக் கிடைத்த பழைய முகவரி ஒன்று அவருக்கு உண்டு. அதற்கு வருவதெல்லாம் தானாக ஜிமெயிலுக்கு வந்துவிடும்படி எப்போதோ அமைத்து வைத்திருந்தார். வீட்டுமனை நிறுவனத்தின் பட்டியலில் இருந்தது அந்தப் பழைய முகவரி. அவர் நீக்கச் சொன்னதோ ஜிமெயில் முகவரியை. அப்படியானால் ‘அந்த முகவரி எங்களிடம் இல்லை’ என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். பல நிறுவனங்கள் வேண்டுமென்றே அப்படிச் சொல்வதில்லை. சொன்னால், யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரியையும் தட்டிப் பார்த்து, இவர் இங்கே வாடிக்கையாளரா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியும். அந்தரங்கத்துக்காகச் செய்யும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேலை முடிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்.

உங்களுக்கும் இதே சிக்கலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயிலின் தலைப்புப் பகுதி முழுவதும் ஆங்கிலத்தில் வரிவரியாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. ‘டு’ என்று தொடங்கும் வரியையும், ‘டெலிவர்ட்-டு’ என்று தொடங்கும் வரிகளையும் மட்டும் பாருங்கள். உங்கள் இப்போதைய முகவரியைத் தவிர வேறொரு முகவரி அங்கே தென்பட்டால், பெரும்பாலும் பட்டியலில் இருப்பது அதுதான். விலகும் பக்கத்தில் அதைத் தட்டுங்கள். அப்பாவுக்கு இதைச் செய்து கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை.

ஒழுங்காக நடத்தும் நிறுவனங்கள் முகவரியைத் தட்டவே சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் போகும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கிலேயே அவரை அடையாளம் காட்டும் ஒரு நீளமான குறியீடு ஒளிந்திருக்கும். அதனால் உங்களுக்கு வந்த செய்திமடலை நண்பருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யும்போது கொஞ்சம் கவனம் தேவை. அவர் அதில் உள்ள லிங்க்கை அழுத்தினால் பட்டியலிலிருந்து போவது நீங்கள்தான்.

மேலே இருக்கும் பொத்தான், கீழே இருக்கும் லிங்க்

ஜிமெயிலில் சில மெயில்களுக்கு அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு பொத்தான் தெரியும். தமிழ்த் திரை வைத்திருப்பவர்களுக்கு அது தமிழில் இருக்கும். மெயிலின் அடியில் இருக்கும் லிங்க்கும் இதுவும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அடியில் இருக்கும் லிங்க் மெயிலின் உடம்புக்குள் இருப்பது. அதை எழுதுபவர், எங்கே வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது என்று முடிவு செய்பவர் எல்லாம் அனுப்புநர்தான். மேலே தெரியும் பொத்தானுக்கு அடிப்படை, ‘ஷோ ஒரிஜினல்’ பகுதியில் பார்த்தோமே, அந்தத் தலைப்பு வரிகளில் இருக்கும் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்ற ஒரு வரி. இந்த வரிக்கான விதிமுறை 1998-லேயே எழுதப்பட்டுவிட்டது. விலகுவதற்கான முகவரியை அனுப்புநர் இந்த வரியில் எழுதிவைத்தால், மெயில் செயலி அதைப் படித்து நமக்கு ஒரு பொத்தானாகக் காட்டும்.

ஆனால் இடையில் ஒரு சங்கடம் வந்தது. பெரிய அலுவலகங்களில் மெயில் உள்ளே வரும்போது பாதுகாப்பு மென்பொருள் ஒன்று அதிலுள்ள லிங்க்குகளை எல்லாம் தானே திறந்து பார்க்கும், வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க. லிங்க்கைத் திறந்தாலே விலகல் நடந்துவிடும் என்று வைத்திருந்தால், ஆள் தொடாமலேயே மென்பொருள் அவரை விலக்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் அனுப்புநர்கள் இரண்டாவது பக்கம் ஒன்றை வைத்தார்கள்: ‘உண்மையிலேயே விலக விரும்புகிறீர்களா? உறுதிசெய்யுங்கள்.’ நியாயமான காரணத்துக்காக வந்த பக்கம் இது. போகப்போகப் பலர் இதை ஆளைப் பிடித்துவைக்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். ‘விலக வேண்டாம்’ என்ற பொத்தான் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும். ‘விலகு’ என்பது சாம்பல் நிறத்தில் ஓரமாக இருக்கும். சலுகைகள், வாரச் செய்தி, கூட்டாளி நிறுவனங்கள் என்று ஆறேழு கட்டங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் குறியை எடுக்கச் சொல்வார்கள். ஒன்றை விட்டால் அந்த வகை மெயில் தொடரும்.

இந்த இரண்டாவது பக்கத்தில்தான் ஏராளமானோர் நழுவிவிடுகிறார்கள். லிங்க்கை அழுத்தியதும் ஒரு பக்கம் திறக்கிறது, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். கீழே இருந்த ‘உறுதிசெய்’ பொத்தான் அழுத்தப்படவே இல்லை. அடுத்த முறை அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் கடைசிவரை உருட்டிப் பாருங்கள்.

இதற்கும் பிறகு ஒரு தீர்வு வந்தது. 2017 ஜனவரியில் ‘ஒன்-கிளிக்’ விலகல் என்ற இன்னொரு விதிமுறை வெளியானது. லிங்க்கைத் திறப்பது வேறு, படிவத்தைப் பூர்த்திசெய்து அனுப்புவது வேறு. சோதனை மென்பொருள் முதலாவதை மட்டுமே செய்யும். எனவே மேலே உள்ள பொத்தானை ஒருவர் அழுத்தும்போது மெயில் செயலி படிவம் அனுப்புவது போன்ற ஒரு கோரிக்கையை அனுப்புநரின் கணினிக்கு அனுப்பும். அது வந்தால் மறுகேள்வி இல்லாமல் விலக்க வேண்டும். இரண்டாவது பக்கம் கிடையாது.

விதிமுறை வந்தும் ஏழு வருடம் பலர் கண்டுகொள்ளவில்லை. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் தங்கள் நிபந்தனைகளை இறுக்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புபவர் யாராக இருந்தாலும், விளம்பர மெயில்களில் ஒன்-கிளிக் விலகல் இருக்க வேண்டும், கோரிக்கை வந்த இரண்டு நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்று கூகுள் சொன்னது. ‘ஸ்பேம்’, அதாவது வேண்டாத குப்பை மெயில், என்று பெறுபவர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் ‘ஸ்பேம்’ என்று அழுத்துவதே அனுப்புநருக்கு ஆபத்து. முறையாக விலகியும் மெயில் வந்துகொண்டே இருந்தால் தயங்காமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் ஒரு அழுத்தலுக்கு உண்மையிலேயே எடை இருக்கிறது.

என் அபிப்பிராயம்: மேலே பொத்தான் இருந்தால் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அனுப்புநரின் பக்கத்துக்குப் போகும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஜிமெயிலில் 2025 ஜூலையில் வந்த ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதி இன்னும் வசதி. யார் யார் உங்களுக்கு அதிகம் அனுப்புகிறார்கள் என்று வரிசையாகக் காட்டும், அங்கிருந்தே விலகலாம். பெற்றோருக்கு ஒருமுறை உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள்.

விலகக் கூடாத மெயில்

சில மெயில்களில் அன்சப்ஸ்கிரைப் அழுத்தவே கூடாது. பரிசு விழுந்திருக்கிறது, கேஒய்சி காலாவதியாகிவிட்டது, பார்சல் தேங்கி நிற்கிறது என்று யாரென்றே தெரியாத இடத்திலிருந்து வருபவை. முகவரிகளைக் குத்துமதிப்பாக உருவாக்கியோ, எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தோ அனுப்பியிருப்பார்கள். அந்த முகவரிக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதே அவர்களுக்குத் தெரியாது. லிங்க்கை அழுத்தினால் ‘இருக்கிறேன்’ என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசம், அந்த லிங்க் போலியான லாகின் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். நீங்கள் பொருள் வாங்கிய கடை, கணக்கு வைத்திருக்கும் தளம் என்றால் விலகுங்கள். பெயரே கேள்விப்படாதது என்றால் ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விலகுவதற்கு கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

குழு மெயில்கள்

விளம்பரம் இல்லாமல், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் மடலாடற்குழுக்கள் வேறு வகை. தமிழர்களுக்கு இவை புதிதல்ல. வலைப்பதிவுகள் வருவதற்கு முன்பே தமிழ்.நெட் போன்ற குழுக்களில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு மின்தமிழ் போன்ற கூகுள் குழுக்கள் வந்தன. இவற்றில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ‘என்னை நீக்கிவிடுங்கள்’ என்று குழு முகவரிக்கே எழுதிவிடுவது. அது குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும்; நீக்க வேண்டிய கணினி நிரலுக்கு மட்டும் போகாது. இந்த நிரல்களுக்குத் தனி முகவரி உண்டு. கூகுள் குழு என்றால், குழுவின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் அன்சப்ஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து, அந்த முகவரிக்கு வெற்று மெயில் அனுப்பினால் போதும். பிறகு உறுதிசெய்யச் சொல்லி பதில் வந்தால் அதையும் செய்துவிடுங்கள்.

குழு முகவரிக்கே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் சுமார் 13,000 ஊழியர்கள் இருந்த ‘பெட்லாம் டிஎல்3’ என்ற பட்டியலில் ஒருவர், தன்னை ஏன் இதில் சேர்த்திருக்கிறார்கள், நீக்குங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். ‘என்னையும் நீக்குங்கள்’ என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் எழுத, ‘எல்லோருக்கும் பதில் எழுதுவதை நிறுத்துங்கள்’ என்று இன்னும் சிலர் எல்லோருக்கும் எழுத, கோடிக்கும் மேற்பட்ட மெயில்கள் பெருகி நிறுவனத்தின் மெயில் அமைப்பே திணறிப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்காவில் 2003-இல் நிறைவேறிய கேன்-ஸ்பேம் சட்டப்படி, விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு தனிப்பட்ட விவரம் கேட்கவும் கூடாது. கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இதேபோல் 10 வேலை நாள் கணக்கு உண்டு. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, விளம்பரத்துக்காகத் தன் விவரங்களைப் பயன்படுத்துவதை எப்போது வேண்டுமானாலும் மறுக்கும் உரிமையைத் தருகிறது.

இந்தியாவில் பலரும் 1909 எண்ணில் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற டிஎன்டி பதிவு செய்துவிட்டு மெயிலும் நின்றுவிடும் என்று காத்திருக்கிறார்கள். அது தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான். மெயிலுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள். இப்போதைக்குக் கையில் இருக்கும் கருவி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள். தனிப்பட்ட விவரங்களை வைத்திருக்கும் நிறுவனம் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் ‘பிரைவசி பாலிசி’ என்று இருக்கும் பக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

அந்த அதிகாரிக்கு எழுதும்போது ‘என் விவரங்களை எல்லாம் அழித்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் சில சமயம் எதிர்பார்த்தது நடக்காது. விலகியவர்களின் முகவரிகளை ‘இவர்களுக்கு இனி அனுப்பக் கூடாது’ என்று ஒரு தனிப் பட்டியலில் நிறுவனங்கள் வைத்திருக்கும். உங்களை மறக்காமல் இருந்தால்தான் உங்களுக்கு அனுப்பாமல் இருக்க முடியும். அந்தப் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு கிளை அலுவலகம் பழைய எக்செல் கோப்பை மறுபடி ஏற்றும்போது நீங்கள் புது ஆளாக உள்ளே வந்துவிடுவீர்கள். அதனால் இப்படி எழுதுங்கள்: ‘இந்த முகவரிக்கு, இன்ன தேதியில் உங்கள் விளம்பர மெயில் வந்தது. இன்ன தேதியில் விலகக் கோரினேன். இந்த முகவரியை இனி அனுப்பக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். என் முகவரி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் தெரிவியுங்கள்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மூல நோட்டு யார் கையில் இருக்கிறது என்று அந்தப் பதிலில்தான் தெரியவரும்.

இதற்கும் அசையாவிட்டால் ஃபில்டர் போட்டு மெயிலைக் குப்பைக்கு அனுப்பிவிடலாம். அனுப்புநர் முகவரியை வைத்துப் போட்டால் அவர்கள் முகவரியை மாற்றும்போது ஃபில்டர் பயனற்றுப் போகும். தலைப்பு வரிகளில் ‘லிஸ்ட்-ஐடி’ என்று பட்டியலின் அடையாளம் ஒன்று இருந்தால் அதை வைத்துப் போடுங்கள், பெரும்பாலும் மாறாது.

வேறொருவருக்கு வர வேண்டிய மெயில்

கடைசியாக, நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒன்று. நமக்கு இனிஷியலும் பெயரும்தான். ஒரே இனிஷியலில் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். போதாததற்கு, ஜிமெயில் முகவரியில் புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் போய்ச் சேருவது ஒரே இன்பாக்ஸ்தான். யாரோ ஒருவர் கடையில் தன் முகவரியைச் சொல்லும்போது ஒரு எண் விடுபட்டால், அவருடைய மெயில் எல்லாம் உங்களுக்கு வரும். முகவரி சரிதானா என்று முதலில் ஒரு உறுதிசெய்யும் மெயில் அனுப்பிவிட்டு, அதற்குப் பதில் வந்த பிறகே பட்டியலில் சேர்த்தால் இந்தக் கஷ்டமே இருக்காது. பலர் அதைச் செய்வதில்லை.

விளம்பரம் என்றால் விலகிவிடலாம். பில், கடன் தவணை, பரிசோதனை முடிவு போன்றவற்றில் அன்சப்ஸ்கிரைப் இருக்காது, ஏனென்றால் அவை வாடிக்கையாளருக்குப் போயே ஆக வேண்டியவை. பாஸ்வேர்டை மாற்றி அந்தக் கணக்குக்குள் நுழைந்து முகவரியை நீக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அது இன்னொருவருடைய கணக்கு. அனுப்பிய இடத்துக்கே எழுதுங்கள்.

என் பெயருள்ள ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் எனக்கு வர ஆரம்பித்தபோது நான் அதைத்தான் செய்தேன். முதல் இரண்டு கடிதங்களுக்குத் தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. இந்த முடிவு அவருக்குப் போகவில்லை, அவர் காத்திருக்கக்கூடும் என்று மூன்றாவதாக எழுதினேன். மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: முகவரியின் கடைசியில் ஒரு எண் விடுபட்டிருந்தது, திருத்திவிட்டோம், மூன்று முடிவுகளையும் அவருக்கு மறுபடி அனுப்பிவிட்டு போனிலும் சொல்லிவிட்டோம்.